கொழுந்துக் காசில் கேமிங் கம்ப்யூட்டர்: பாகங்களைத் தெரிவு செய்வது எப்படி?

ஒன்றரை இலட்சம் ரூபாய். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளர்களுக்கு நிர்ணயித்த 1350 ரூபாய் நாட்சம்பளத்தால் இதை வகுத்தால் 111 பேர் வருகிறது. பேர் என்றால் என்னவென்று மலையகத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு முழு நாள் வேலை கணக்கில் பதிந்தால் அது ஒரு பேர். பறித்த தேயிலைக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கிறவன் நான். "அண்ணே, ஒன்னரைக்குள்ள கேமிங் பீசி ஒன்னு பூட்டலாமா?" என்று கேட்டு வருகிற தம்பிமாரின் கையில் இருப்பது அம்மாவின் சீட்டுக் காசாக இருக்கும், அல்லது கொழும்புக் கடையில் நிற்கிற அண்ணன் அனுப்பியதாக இருக்கும். ஒரு பாகத்தைத் தவறாக வாங்கிவிட்டால் அதை மாற்ற இன்னொரு சீட்டு விழும்வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் எதை வாங்குவது என்பதை விட எதை முதலில் யோசிப்பது என்பதை விளக்க விரும்புகிறேன். விலைகளை இங்கே எழுதவில்லை. டொலர் அசைந்தால் விலையும் அசைகிறது. 18 சதவீத வற் வரியும் சேர்கிறது. இன்று நான் எழுதும் விலை நீங்கள் வாசிக்கும்போது பொய்யாகியிருக்கும்.

திரையிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது புரொசசரைப் பற்றி, "ஐ5ஆ, ஐ7ஆ?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்வி. என்ன விளையாடப் போகிறீர்கள்? எந்தத் திரையில்?

திரை என்பது புள்ளிகளின் கூட்டம். பழைய 1366க்கு 768 திரையில் சுமார் பத்தரை இலட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 1920க்கு 1080 திரையில், அதாவது எல்லோரும் 1080பி என்று சொல்வதில், ஏறக்குறைய இருபத்தொரு இலட்சம். 1440பி திரையில் முப்பத்தாறு இலட்சத்தைத் தாண்டும். விளையாட்டு சீராக ஓட வேண்டுமானால் இத்தனை புள்ளிகளையும் நொடிக்கு 60 தடவை புதிதாக வரைய வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. நொடிக்கு 144 படம் காட்டும் 144 ஹேர்ட்ஸ் திரை என்றால் 7 மில்லிநொடிகூட இல்லை. ஆகவே பெரிய திரை வாங்கினால், அதற்கு ஈடுகொடுத்துப் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்தே காசு கட்டுகிறீர்கள். சிறிய பட்ஜெட்டுக்கு 1080பி போதும்.

விளையாட்டு என்னவென்பதும் அப்படியே. வேலரன்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போன்றவை ஓரளவு எளிய கம்ப்யூட்டரிலும் ஓடும். புதிதாக வரும் பெரிய கதை விளையாட்டுகள் அப்படியல்ல. அவற்றுக்கு நல்ல கார்ட் இல்லாமல் முடியாது. "எல்லாமே விளையாடணும் அண்ணே" என்று சொல்கிற தம்பியிடம், அடுத்த ஆறு மாதத்தில் உண்மையில் விளையாடப் போகிற மூன்றை எழுதித் தரச் சொல்வேன். அந்த மூன்றுக்காகவே கம்ப்யூட்டரைப் பூட்ட வேண்டும்.

கங்காணியும் நிரையும்

உள்ளே இருக்கும் இரண்டு பெரிய பாகங்களின் வேலையைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. மலையில் கொழுந்து பறிக்கும் காலையை நினைத்துப் பாருங்கள். கங்காணி தேயிலை நிரைகளைப் பிரித்துக் கொடுக்கிறார். ஆட்கள் அவரவர் நிரையில் இறங்கி ஒரே நேரத்தில் பறிக்கிறார்கள். புரொசசர்தான் அந்தக் கங்காணி. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, அடுத்து என்ன வரைய வேண்டும் என்று தீர்மானித்து வேலையைப் பிரித்துக் கொடுப்பது அது. கிராபிக்ஸ் கார்ட், நம் ஆட்கள் சொல்கிற விஜிஏ, நிரையில் இறங்குகிற கூட்டம். ஆர்எக்ஸ் 6600 என்ற கார்டில் மட்டும் 1792 சிறிய கணக்கிடும் அலகுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குப் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிடுகிறது.

கங்காணி தாமதித்தால் ஆட்கள் சும்மா நிற்பார்கள். ஆட்கள் குறைவென்றால் கங்காணி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் கூடை நிறையாது. கேமிங்கில் அடிக்கடி கேட்கிற "பொட்டில்நெக்" என்ற சொல்லின் பொருள் இவ்வளவுதான். கனமான விளையாட்டுகளில் பெரும்பாலும் ஆட்கள்தான் போதாமல் போகிறார்கள். அதனால் மொத்தக் காசில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குவரை கார்டுக்கு ஒதுக்குவது என் வழக்கம். மலிவான கார்ட் போட்டு ஐ7 வாங்கிய கம்ப்யூட்டர்கள் என்னிடம் வந்திருக்கின்றன. பார்க்கவே மனம் வலிக்கும். அந்தக் காசை மாற்றிப் போட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு மடங்கு வேகம் கிடைத்திருக்கும்.

மூன்று வழிகள்

ஒன்று, கார்ட் இல்லாமல் தொடங்குவது. ரைசன் 5 5600ஜி போன்ற புரொசசரின் உள்ளேயே ஒரு சிறிய கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. வேலரன்ட் நன்றாகவே ஓடும். ஜிடிஏ 5 கூட அமைப்புகளைக் குறைத்தால் விளையாடலாம். பிறகு காசு சேரும்போது கார்ட் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.

இரண்டு, புரொசசரில் மிச்சம் பிடித்து ஆரம்பத்திலேயே கார்ட் போடுவது. கோர் ஐ3-12100எஃப், ரைசன் 5 5600 போன்றவை விலைக்கு நல்ல வேலை செய்பவை. அதோடு ஆர்எக்ஸ் 6600 சேர்ந்தால் 1080பி-யில் பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் போதும். முதல் வழியை விட வேகம் பல மடங்கு அதிகம். செலவும் அதிகம்தான்.

மூன்றாவது, அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், எச்பி, லெனோவோ பெட்டி ஒன்றை வாங்கி, அதில் ஒரு சிறிய கார்டைப் போடுவது. மூன்றிலும் மலிவு இதுதான். ஆனால் அந்தச் சிறிய பெட்டிகளில் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை 200 வாட் அளவில்தான் இருக்கும். அதன் இணைப்புகளும் அந்தக் கம்பனிக்கே உரியவை, வெளியில் வாங்கி மாற்றுவது கடினம். ஆகவே தனி மின்கம்பி கேட்காத, குட்டையான கார்ட்தான் பொருந்தும். ஜிடிஎக்ஸ் 1650 அல்லது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி-யின் குட்டை வடிவங்களைப் பாருங்கள். இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கும் இன்டெல் புரொசசர்கள் 8ஆம் தலைமுறையில்தான் தொடங்குகின்றன. விண்டோஸ் 11-இல் வேலரன்ட் விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், சீட்டுக் காசில் வாங்குகிற வீட்டுக்கு முதல் வழியைச் சொல்வேன். முதல் நாளிலேயே முழுமையாக வேலை செய்யும். பிள்ளை ஏ லெவலுக்கு ஐசிடி படிக்கவும் உதவும். பின்னால் செய்யும் செலவு எதுவும் முன்னால் செய்த செலவை வீணாக்காது.

பெயரின் கடைசி எழுத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. இன்டெல் பெயரின் முடிவில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. 5600, 5600ஜி போன்ற ஏஎம்4 வகை ரைசனில் ஜி இல்லாவிட்டால் கிராபிக்ஸ் இல்லை. கார்டை அடுத்த மாதம் வாங்கலாம் என்று நினைத்து 12100எஃப் வாங்கினால், அந்த மாதம் முழுக்கத் திரை கறுப்பாகவே இருக்கும்.

ரேம்: ஒன்றா, இரண்டா?

ரேம், அதாவது ஓடும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம், 16 ஜிபி வேண்டும். அதை 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள், 16 ஜிபி ஒன்றாக வேண்டாம். காரணம் பாதையின் அகலம். டிடிஆர்4 வகையில் 3200 வேக ரேம் ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி தரவைக் கொண்டுபோகும். சரியான இரண்டு துளைகளில் இரண்டைப் போட்டால் 51.2 ஜிபி. ஆர்எக்ஸ் 6600 கார்ட் தனக்கென்று வைத்திருக்கும் நினைவகத்தில் இதே அளவு 224 ஜிபி. 5600ஜி-யின் உள் கிராபிக்ஸுக்கு அப்படித் தனியாக எதுவும் இல்லை, நீங்கள் போடும் ரேமைத்தான் அது பங்கு போட்டுக்கொள்கிறது. முதல் வழியில் போகிறவர் ஒற்றை ரேம் போட்டால் தன் கம்ப்யூட்டரின் பாதையைப் பாதியாக அடைத்துவிடுகிறார்.

டிடிஆர்4 துளையில் டிடிஆர்5 பொருந்தாது. பாகங்களையெல்லாம் இணைக்கும் பலகைதான் மதர்போட். இன்டெல் எச்610 மதர்போட் இரண்டு வகையிலும் வருகிறது, பெட்டியை நன்றாகப் பார்த்து வாங்குங்கள். 2025 பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் உலகம் முழுக்க ரேம் விலை ஏறிவிட்டது. பாவித்த டிடிஆர்4 வாங்கத் தயங்க வேண்டாம். ரேம் எளிதில் கெடுகிற பொருள் அல்ல, மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையை ஓடவிட்டால் குறை இருந்தால் தெரிந்துவிடும்.

மதர்போட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அதன் சொக்கெட், அதாவது புரொசசர் உட்காரும் இடம், புரொசசருக்குப் பொருந்த வேண்டும், ரேமுக்கு இரண்டு துளையாவது வேண்டும், கோப்புகளைச் சேமிக்கும் எம்.2 எஸ்எஸ்டி-க்கு இடம் வேண்டும். பழைய பி450 போட்டில் 5000 வரிசை ரைசன் போடுவதானால், மதர்போட்டின் அடிப்படை மென்பொருளான பயோஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லிக் கடையிலேயே கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அது திறக்காவிட்டால் பாதை நீளம்.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே பாகம்

காசல்ரியிலும் மவுசாகலையிலும் தேங்குகிற தண்ணீரில்தான் லக்சபான மின்நிலையங்கள் சுழல்கின்றன. தலவாக்கலையில் 150 மெகாவாட் தரும் மேல் கொத்மலைத் திட்டம் இருக்கிறது. மின்சாரம் பிறக்கும் மலை இது. ஆனாலும் லயத்துக்குள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள், வருகிற மின்சாரம் பல வீடுகளில் நல்ல நிலையில் இல்லை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு இழுத்த கம்பி, ஏர்த் இல்லாத பிளக், மழை வந்தால் மங்கும் பல்பு.

கம்ப்யூட்டரின் உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் பவர் சப்ளை வழியாகத்தான் போகிறது. 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கிக் கொடுக்கிற அந்தப் பெட்டி நல்லதாக இருந்தால் ஒரு கோளாறு வரும்போது தானே நின்றுவிடும். மோசமானதாக இருந்தால் மற்றவற்றையும் சேர்த்துக் கொண்டுபோகும். என் தம்பிக்கு நான் முதன்முதலில் பூட்டிய கம்ப்யூட்டரில், கேசிங்கோடு இலவசமாக வந்த "500 வாட்" பவர் சப்ளையை அப்படியே விட்டேன். ஒரு ஒக்டோபர் மாலை இடி இடித்துக்கொண்டிருந்தது. பல்பு மங்கி, அணைந்து, திரும்ப வந்தது. அவ்வளவுதான். பவர் சப்ளை கருகியது, மதர்போட் போனது, எஸ்எஸ்டி-யும் போனது. அதில் அவனுடைய பாடக் குறிப்புகள் இருந்தன. கடையில் கேட்டபோது எரிந்த தடம் இருந்தால் வாரண்டி இல்லை என்று பில்லின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். அன்றைக்கு அவன் முகம் இருந்த விதம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. இந்தப் பகுதியை நீட்டி எழுதுவது அதற்காகத்தான்.

வாங்கும்போது பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பார்த்து, 12-ஆல் பெருக்குங்கள். 45 ஆம்பியர் என்றால் 540 வாட், அது உண்மையான 550 வாட் பெட்டி. 18 ஆம்பியர்தான் போட்டிருக்கிறது என்றால் 216 வாட். வெளியே 500 என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் அதை நம்ப வேண்டாம், புரொசசரும் கார்டும் சாப்பிடுவது 12 வோல்ட்டைத்தான்.

எவ்வளவு வேண்டும்? ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட், ரைசன் 5 5600-க்கு 65-இலிருந்து 76 வாட், மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 50. மொத்தம் 260 வாட் அளவு. நல்ல 500 அல்லது 550 வாட் பெட்டி ஒன்று தாராளமாகப் போதும். 80 பிளஸ் முத்திரை இருப்பது நல்லது. ஆனால் அது சொல்வது எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டும்தான், பாதுகாப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பெயர் தெரிந்த கம்பனி, நீண்ட வாரண்டி, இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பாவித்த பவர் சப்ளை வாங்காதீர்கள்.

இனி சுவரைப் பாருங்கள். கம்ப்யூட்டரின் இரும்பில் புறங்கை படும்போது சுர்ரென்று மெல்ல இழுக்கிறதா? அப்படியானால் உங்கள் பிளக்கில் ஏர்த் இல்லை. பவர் சப்ளையின் உள்ளே இருக்கும் வடிகட்டி தன் சிறிய கசிவை ஏர்த் கம்பிக்கு அனுப்பும்படி செய்யப்பட்டது. போக வழி இல்லாததால் அது பெட்டியிலேயே நிற்கிறது. ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏர்த் கம்பி அடித்து, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ஜ் புரொடெக்டர் எக்ஸ்டென்ஷன் வாங்கினாலும், ஏர்த் இல்லாவிட்டால் அதன் பாதுகாப்பில் பெரும்பகுதி கிடைக்காது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி இறங்கும் காலத்தில் ஒரே மருந்து பிளக்கைக் கழற்றுவதுதான். ரவுட்டருக்கு வெளியிலிருந்து கம்பி வந்தால் அதையும் கழற்றுங்கள்.

மின்சாரம் போனதும் பற்றரியில் சிறிது நேரம் தாங்கும் யூபிஎஸ் வாங்க முடிந்தால் நல்லது. 650 விஏ என்று எழுதியிருப்பது 650 வாட் அல்ல. அந்த அளவில் 360 முதல் 390 வாட்தான் தரும். மேலே கணக்குப் போட்ட கம்ப்யூட்டருக்கு அது போதும், சில நிமிடங்களில் ஒழுங்காக மூடிவிடலாம். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்ததே, அந்த மாதிரி நாளுக்கு யூபிஎஸ் தீர்வாகாது.

பாவித்த கார்ட்

2022 செப்டெம்பர் 15-இல் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கார்டுகளைக் கணக்கிட வைத்துத் தோண்டும் முறை முடிவுக்கு வந்தது. அதன் பிறகு உலகம் முழுவதும் பாவித்த கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. தோண்டிய கார்ட் என்பதற்காகவே ஒதுக்கத் தேவையில்லை. காற்றாடியின் அச்சு தளர்ந்திருக்கிறதா, வெப்பப் பசை காய்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருபது நிமிடம் ஒரு கனமான விளையாட்டை ஓடவிட்டு, திரையில் கோடுகளோ புள்ளிகளோ வருகிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் இரண்டு வகை உண்டு. முழுமையானதில் 2304 அலகுகள், மற்றதில் 2048. விலை பேசும் முன் எது என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய என்விடியா சிப் ஒன்றில் புதிய பெயரை எழுதி ஏமாற்றுவதும் நடக்கிறது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் அப்படிப் பெயர் மாற்றிய பல கார்டுகளைப் போலி என்று காட்டிக் கொடுத்துவிடும்.

குளிரும் புகையும்

நுவரெலியாவும் ஹட்டனும் நமக்குத் தரும் ஒரு கொடை குளிர். கொழும்பில் ஒருவர் கூடுதல் கூலருக்குக் காசு கட்டும் இடத்தில், புரொசசரோடு பெட்டியில் வருகிற கூலரே நமக்குப் போதும். முன்னால் ஒரு காற்றாடி, பின்னால் ஒன்று, வலை முகப்பு வைத்த கேசிங் போதுமானது. மினுங்கும் விளக்குகளுக்குக் கொடுக்கும் காசைப் பவர் சப்ளைக்குக் கொடுங்கள்.

இங்கே எதிரி அடுப்புப் புகை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் விறகடுப்பும் கம்ப்யூட்டரும் அருகருகே இருந்தால், எண்ணெய்ப் பசையுள்ள கரி காற்றாடியில் ஒட்டி, அதன்மேல் ஈரத் தூசு படியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மென்மையான தூரிகையால் துடைத்துவிடுங்கள். கம்ப்யூட்டரைத் தரையில் வைக்காமல் ஒரு பலகையின் மேல் ஏற்றி வையுங்கள்.

எஸ்எஸ்டி 500 ஜிபி-யில் தொடங்கலாம். பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜிபி-க்கு மேல் பிடிக்கும். ஃபைபர் வராத தோட்டத்தில் அதை 4ஜி டேட்டாவில் இறக்குவது கட்டாது. டவுனில் ஃபைபர் இருக்கும் நண்பனிடம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்து, விளையாட்டுகளை விற்கும் தளமான ஸ்டீமின் கோப்புகளை அப்படியே பிரதி எடுத்து வாருங்கள். உங்கள் கணக்கில் அந்த விளையாட்டு இருந்தால் ஸ்டீம் அதை ஏற்றுக்கொண்டு குறைவதை மட்டும் இறக்கும்.

கொண்டு வருவது

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரே கட்டடத்துக்குள் பல கடைகளில் விலை விசாரிக்கலாம். கண்டியில் வாங்கினால் வாரண்டிக்குத் திரும்பப் போவது எளிது. கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக ஒரு பழுதுக்காகக் கொழும்பு போய்வர ஒரு நாள் போய்விடும், அதாவது இன்னொரு பேர். விலை வித்தியாசத்தோடு அதையும் கூட்டிப் பாருங்கள். எங்கே வாங்கினாலும் எல்லாப் பாகத்தையும் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே பூட்டி, திரையில் படம் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே பில்லை வாங்குங்கள். பஸ்ஸில் வரும்போது கார்டைக் கழற்றி அதன் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நம் வளைவுகளில் குலுங்கும்போது அதன் பாரம் மதர்போட்டின் துளையை இழுக்கும்.

வீட்டில் பூட்டிய முதல் மாலை மூன்று காரியம் உண்டு. பயோஸில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி-யை இயக்குங்கள், இல்லாவிட்டால் பெரும்பாலும் 3200 ரேம் 2133-இலோ 2400-இலோ ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸின் திரை அமைப்பில் 100 அல்லது 144 ஹேர்ட்ஸைத் தெரிவு செய்யுங்கள், தானாக 60-இலேயே நிற்கும். மூன்றாவது, திரையின் கம்பி. போன மாதம் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் மழையில் நனைந்து வந்தான். 5600ஜி-யில் தொடங்கி, ஒரு வருடம் காசு சேர்த்து ஆர்எக்ஸ் 6600 வாங்கியிருக்கிறான். "அண்ணே, கார்ட் போட்டும் ஒரு மாத்தமும் இல்லண்ணே, ஏமாத்திட்டாங்க போல" என்றான். அழுகிற நிலை. அவனோடு போய்ப் பார்த்தேன். கம்பி இன்னும் மதர்போட்டில்தான் செருகியிருந்தது. கழற்றிக் கார்டில் செருகினேன்.